மலைவீட்டில் கடல்நீர்த் தொட்டி: உப்புத்தன்மை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகையில் என் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் புதிதாகத் தொட்டி வைக்கும் நண்பர்கள் உப்புத்தன்மை பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சமவெளியில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றி இங்கே மீன்களை இழந்தவர்கள் பலர் என்பதால், மலைக்குரிய வேறுபாடுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கணக்குகள் யாவும் 200 லிட்டர் நீரும் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் உள்ள தொட்டியை வைத்துச் சொல்லப்பட்டவை.

உப்புத்தன்மை எவ்வளவு இருக்க வேண்டும்?

திறந்த கடலின் சராசரி உப்புத்தன்மை ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் ஆகும். ஆயிரத்தில் இத்தனை பங்கு என்னும் இந்த அளவைப் பிபிடி என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். ஒப்படர்த்தியாக, அதாவது நன்னீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்று சொன்னால், 25 டிகிரியில் இது ஏறக்குறைய 1.026. மீன்கள் மட்டும் உள்ள தொட்டியை 33-இல் வைத்தாலும் குறையில்லை. இறால், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவை இருந்தால் 35-ஐ ஒட்டியே வைத்திருப்பது நல்லது. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் அதிலேயே நிலைத்து நிற்க வேண்டும். 33-இல் அசையாமல் நிற்கும் தொட்டி, வாரம்தோறும் 34-க்கும் 38-க்கும் இடையே ஊசலாடும் தொட்டியைவிடப் பல மடங்கு மேலானது.

சிறிய மாற்றம் உயிர்களை ஏன் அவ்வளவு பாதிக்கிறது?

கடல் மீனின் உடல்நீரில் உள்ள உப்பு, அதைச் சூழ்ந்த கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்கள் வழியாக வெளியேற்றுகிறது. உப்புத்தன்மை உயர்ந்தால் இந்த உழைப்பு கூடும். திடீரென உயர்ந்தால் மீனால் ஈடுகொடுக்க முடியாது. முதுகெலும்பற்ற உயிர்களின் நிலை இதைவிடக் கடினம். இறாலுக்கும் நட்சத்திர மீனுக்கும் உடல்நீரைத் தனியே காத்துக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. சுற்றியுள்ள நீர் மாறினால் அவற்றின் உடலும் உடனே மாறியாக வேண்டும். அதனால்தான் ஒரே தொட்டியில் க்ளௌன் மீன் கலங்காமல் நீந்திக்கொண்டிருக்கும்போதே இறால் மல்லாந்து கிடக்கக் காண்கிறோம்.

எங்கள் ஊரில் ஆறு மாதம் மூடுபனி. துணிகூடக் காயாத இடத்தில் தொட்டி நீர் எப்படி ஆவியாகும்?

மலையில் தொட்டி வைப்பவர்களை இதைவிட அதிகமாக ஏமாற்றும் எண்ணம் வேறில்லை என்பதால் இதற்கு விரிவாகவே விடை சொல்கிறேன்.

கொடியில் தொங்கும் துணி அறையின் குளிரிலேயே இருக்கிறது. தொட்டி நீரோ ஹீட்டரால் 25 டிகிரியில் நிற்கிறது. 25 டிகிரி நீரின் ஆவியழுத்தம், அதாவது அது ஆவியாக வெளியேற முனையும் அழுத்தம், சுமார் 24 மில்லிமீட்டர் பாதரசம். அறை 12 டிகிரியில் இருந்து, காற்று முழுக்க ஈரம் நிறைந்து சன்னலில் நீர் வழிந்தாலும், அந்தக் காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 10.5 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் உள்ள இடைவெளி நீரை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னையை ஒப்பிட்டுப் பாருங்கள்: 30 டிகிரியில், முக்கால் பங்கு ஈரத்தோடு இருக்கும் கடற்கரைக் காற்றின் நீராவி அழுத்தமும் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர்தான். அங்கே 25 டிகிரித் தொட்டியிலிருந்து நீர் வெளியேறக் காரணமே இல்லை. ஆக, நமக்கு ஈரமாகத் தோன்றும் உதகையின் அறையில், வியர்த்துக் கொட்டும் சென்னையைவிட அதிகமான நீர் ஆவியாகிறது.

இங்கேயும் பருவம்தோறும் அளவு மாறும். ஜூலை மழையில் இழப்பு குறைவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி விழும் நாட்களில், காற்றில் நீராவி மிகக் குறைவாக இருப்பதால், மழைக்காலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இழப்பு ஏற்படும். அறையில் ஹீட்டர் போட்டால் காற்று சூடாகுமே தவிர அதில் நீராவி கூடாது. எனவே இந்த இழப்பைத் தடுக்க அது உதவாது. என் தொட்டியில் மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டரும், தை மாதத்தில் இரண்டு லிட்டரும் குறைகின்றன. அந்த நீர் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை: காலையில் தொட்டிக்கு எதிர்ச்சுவரில் கையை வைத்தால் உள்ளங்கை நனையும்.

அதைத் தடுக்க மூடி போடலாமா?

போடலாம், மலையில் போடுவதே நல்லது. இரண்டு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 1.35 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் செலவாகிறது என்பதால், மூடி உப்புத்தன்மையையும் காக்கும், மின்கட்டணத்தையும் குறைக்கும். கண்ணாடி மூடியின் அடிப்பக்கத்தில் முத்துமுத்தாகத் திரளும் நீர் உப்பில்லாத நீர். அது மீண்டும் தொட்டிக்குள்ளேயே சொட்டும்படி மூடியைச் சற்றே உட்புறம் சாய்த்து வையுங்கள். ஆனால் முழுவதுமாக மூடிவிடக் கூடாது. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் என்பதால், நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. பின்பக்கம் நான்கு விரல் இடைவெளி விட்டு, நீர்ப்பரப்பு நன்றாக அசையும்படி பம்ப்பைத் திருப்பி வைக்க வேண்டும்.

நீர் குறைந்தால் உப்புத்தன்மை எவ்வளவு உயரும்?

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நாளுக்கு இரண்டு லிட்டர் குறைந்தால் 35 என்பது மறுநாள் 35.35 ஆகும். இது உயிர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் விட்டால் 14 லிட்டர் குறைந்து உப்புத்தன்மை 37.6 ஆகிவிடும். அன்று 14 லிட்டர் நன்னீரை ஒரே நேரத்தில் ஊற்றினால், சில நிமிடங்களில் மீண்டும் 35-க்கு இறங்கும். அதோடு, நம் வீட்டு வாளி நீர் 10 டிகிரியில் இருப்பதால் தொட்டியின் வெப்பமும் ஒரு டிகிரி சரியும். ஏறியது மெதுவாக, இறங்கியது சடாரென்று. இந்த இரண்டாவது அடிதான் இறாலைக் கொல்கிறது. தினமும் ஒரே நேரத்தில் இரண்டு லிட்டர் ஊற்றுவது எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த பராமரிப்பு. தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் கணக்கே வேண்டாம்; அந்தக் கோடுவரை நிரப்பினால் போதும்.

ஊற்றுவது நன்னீராக இருக்க வேண்டும், உப்புநீர் அல்ல என்பதைப் புதியவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்.

எந்தக் கருவியால் அளப்பது?

மூன்று வகைகள் உள்ளன. மிதவை ஹைட்ரோமீட்டர் விலை குறைந்தது. ஒரு துளி நீரில் ஒளி விலகும் அளவைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் நடுத்தர விலையில் கிடைப்பது. மின்கடத்துதிறனைக் கொண்டு அளக்கும் மீட்டர் விலை கூடியது. 35 பிபிடி நீர் அதில் 25 டிகிரியில் 53 மில்லிசீமென்ஸ் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு ரிஃப்ராக்டோமீட்டரே போதுமானது. ஆனால் மூன்றும் குளிரில் ஏதோ ஒரு வகையில் தடுமாறும்.

ஹைட்ரோமீட்டர் அளப்பது நீரின் அடர்த்தியை. குளிர்ந்த நீர் இயல்பாகவே அடர்த்தி கூடியது. 25 டிகிரிக்கு என்று செய்யப்பட்ட ஹைட்ரோமீட்டரை 12 டிகிரி நீரில் விட்டால், உண்மையைவிடச் சுமார் 0.003 கூடுதலாகக் காட்டும். அதாவது நான்கு பிபிடிக்கும் மேலான பிழை. என் முதல் குளிர்காலத்தில் இதை அறியாமல், வராந்தாவில் இரவு முழுதும் கலந்த உப்புநீரைக் காலை ஆறு மணிக்கு அளந்து, 1.026 காட்டியதும் நிம்மதியாகத் தொட்டியில் மாற்றி வந்தேன். உண்மையில் அது 31 பிபிடிகூட இல்லை. புதுநீரை மட்டுமே அளந்தேன், தொட்டியை அளக்கவில்லை. இரண்டு மாதங்களில் தொட்டி 33-க்குக் கீழே இறங்கிவிட்டது. மூன்று இறால்கள், ஓடு கழற்றும் வேளையில், ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. கடைசி இறால் பாதி கழன்ற ஓட்டோடு பாறை இடுக்கில் கிடந்ததை எடுத்தபோதுதான் தொட்டி நீரை அளந்தேன். அன்றிலிருந்து எந்த நீரையும் 25 டிகிரிக்குச் சூடாக்காமல் நான் அளப்பதில்லை.

ரிஃப்ராக்டோமீட்டரில் வெப்பத் திருத்தம் தானாக நடக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்தத் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான். சனவரிக் காலையில் சன்னலோரம் கிடந்த கருவி அந்த எல்லைக்கும் கீழே இருக்கக்கூடும். எனவே கருவியை அறைக்குள்ளேயே வைத்து, நண்பகலில் அளவெடுங்கள். கண்ணாடியில் துளியை விட்டதும் அரை நிமிடம் பொறுத்த பிறகு பாருங்கள். பூச்சியத்தை நன்னீரில் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், 35 பிபிடி சோதனைத் திரவத்தைக் கொண்டு மாதம் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். அந்தத் திரவம் கிடைக்காவிட்டால், அயோடின் சேராத தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் வடிநீரில் கரைத்துக்கொள்ளலாம். ஒளிவிலகலில் அது 35 பிபிடி கடல்நீருக்குச் சமம். கடல்நீருக்கென்று இல்லாமல் வெறும் உப்புக்கரைசலுக்காகச் செய்யப்பட்ட ரிஃப்ராக்டோமீட்டர் சுமார் ஒன்றரை பிபிடி கூடுதலாகக் காட்டுவதும் இதே காரணத்தால்தான்.

முள் அசையும் பெட்டி வகை ஹைட்ரோமீட்டரைப் பற்றி ஒரு சொல்: முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் கூடுதலாகவும், உப்பு படிந்தால் குறைவாகவும் காட்டும். அதை நம்பிப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

தூத்துக்குடி உப்பையே பயன்படுத்தலாமே, கடலிலிருந்து வந்ததுதானே?

கூடாது. உப்பளத்தில் படிகமாகப் பிரித்தெடுக்கப்படுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரின் ஒவ்வொரு கிலோவிலும் மெக்னீசியம் சுமார் 1.28 கிராமும், கால்சியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய 0.4 கிராம் வீதமும், சல்பேட்டு 2.7 கிராமும் இருக்கின்றன. சமையல் உப்பைக் கரைத்தாலும் கருவி 35 காட்டும், ஆனால் அந்த நீரில் மீன் வாழாது.

மீன்தொட்டிக்கென விற்கப்படும் செயற்கைக் கடலுப்பு லிட்டருக்குச் சுமார் 37 அல்லது 38 கிராம் தேவைப்படும். முதலில் நீர், பிறகு உப்பு. ஹீட்டரும் பம்ப்பும் போட்டு ஓரிரவு சுழலவிட்டு, நீர் தெளிந்த பின்பே அளக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையின்போது பிரித்து வைத்த உப்புப் பை ஒரே வாரத்தில் கல்லாக இறுகிவிடுவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதே காரணம். அப்படி ஈரமேறிய உப்பை எடைபோட்டால் அந்த எடையில் ஒரு பங்கு தண்ணீர். கரைத்தால் உப்புத்தன்மை குறைவாகவே வரும். எனவே பையை வாங்கியவுடன் ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான மூடிபோட்ட வாளிக்கு மாற்றிவிடுங்கள். தராசு சொல்வதைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, கருவி சொல்வதை முடிவாகக் கொள்ளுங்கள்.

ராமேசுவரம் போகும்போது கடல்நீரையே கொண்டுவந்தால் என்ன?

கரையோர நீரின் உப்புத்தன்மை ஆண்டு முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த பிறகு அது நீர்த்துப் போயிருக்கும், கோடையில் கூடியிருக்கும். கொண்டுவரும் ஒவ்வொரு கேனையும் அளந்து சரிசெய்ய வேண்டியிருப்பதால், மலைவரை சுமந்து வருவதில் பயனில்லை. நீரோடு ஒரு துண்டுப் பவளப்பாறையும் எடுத்துவரலாம் என்று எண்ணாதீர்கள். மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளங்களை எடுப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

டாப்-அப் செய்ய, அதாவது ஆவியான நீரை ஈடுகட்ட, எங்கள் ஊர்க் குழாய்நீர் போதாதா? மழைநீர்?

உதகைக்குப் பார்சன்ஸ் வேலியிலிருந்தும் குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்தும் வரும் நீர், சமவெளி ஆழ்குழாய் நீரோடு ஒப்பிட்டால் மிகவும் மென்மையானது. ஆனால் நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால் ஆண்டுக்கு 730 லிட்டர் நீர் உங்கள் 200 லிட்டர் தொட்டிக்குள் போய் ஆவியாகிறது. அது கொண்டுவந்த குளோரின் அகன்றாலும் மற்றவை எல்லாம் உள்ளேயே சேர்கின்றன. ஆர்.ஓ. நீரே பாதுகாப்பானது. குழாய்நீரே மென்மையாக இருப்பதால் இங்கே அதன் வடிகட்டிகள் நெடுங்காலம் உழைக்கும். குளிரில் ஆர்.ஓ. மெதுவாகவே நீர் தரும். 25 டிகிரியில் தருவதில் மூன்றில் இரண்டு பங்குதான் 12 டிகிரியில் கிடைக்கும். அது பழுதல்ல.

மழைநீர் தூயதுதான், நம் கூரைகள் அப்படியல்ல. துத்தநாகத் தகட்டின் மீது வழிந்த நீரில் துத்தநாகம் கலந்திருக்கும். செம்புக் குழாய் வழியே வந்தால் செம்பும் சேரும். இரண்டும் முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு.

தானியங்கி டாப்-அப் கருவி வாங்க வேண்டுமா?

நாள்தோறும் வீட்டில் இருப்பவருக்குத் தேவையில்லை. வாங்கினால், அதன் சென்சாரைச் சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே உள்ள துணைத்தொட்டியில், நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில் பொருத்துங்கள். நீர் குறைவது அங்கேதான் தெரியும். நன்னீர்க் குழாயின் நுனி சம்ப் நீருக்கு மேலே தொங்க வேண்டும், கேனும் சம்ப்பைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் நீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். கேன் சிறியதாக இருப்பதே நல்லது. 20 லிட்டர் கேன் முழுவதும் தவறுதலாகக் கொட்டினாலும் 35 என்பது 32-க்கு அருகில் இறங்கும், பெரும்பாலானவை பிழைக்கும். 100 லிட்டர் டிரம் கொட்டினால் இறால் போன்றவை பிழைப்பது அரிது.

ஒழுங்காக டாப்-அப் செய்தும் உப்புத்தன்மை மெல்லக் குறைகிறதே?

உப்பு வேறு வழியாக வெளியேறுகிறது. அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் தேநீர் நிறத்தில் சேரும் கழிவு உப்புநீர்தான். அதை வெளியே கொட்டிவிட்டு அந்த இடத்தை நன்னீரால் நிரப்புகிறீர்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும் உப்பும் தொட்டியிலிருந்து போனதுதான். வாரம் ஒருமுறை அளந்தால் இது கண்ணில் பட்டுவிடும்.

அளவு தவறிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் கருவியைச் சரிபார்க்கவும். அடுத்து நீர்மட்டத்தைப் பார்க்கவும். மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் உப்பு கூடவில்லை, நீர்தான் குறைந்திருக்கிறது. அதை ஒன்றிரண்டு நாட்களில் சிறிது சிறிதாக நிரப்பினால் போதும். மட்டம் சரியாக இருந்தும் உப்பு மிகுந்திருந்தால், நாளுக்கு ஐந்தாறு லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு நன்னீர் சேர்க்கவும்.

உப்பு குறைந்திருந்தால் இன்னும் எளிய வழி இருக்கிறது: ஆவியாகும் இரண்டு லிட்டருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் 35 பிபிடி உப்புநீரை ஊற்றி வாருங்கள். நாளுக்கு 70 கிராம் உப்பு, அதாவது 0.35 பிபிடி ஏறும். 32-இலிருந்து 35-க்கு வர ஒன்பது நாட்கள் பிடிக்கும். எந்த உயிரும் அதை உணராது. எத்தனை அவசரமானாலும் ஒரே நாளில் ஒன்று அல்லது இரண்டு பிபிடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். உலர் உப்பை நேரடியாகத் தொட்டியில் போடவே கூடாது. அடியில் படியும் ஒரு குருணைகூட அங்கே மேயும் நத்தையைச் சுட்டுவிடும்.

கோவையிலிருந்து வாங்கிவரும் மீனை எப்படி விடுவது?

கடைகளில் உப்பு மிச்சப்படவும் ஒட்டுண்ணிகள் குறையவும் 1.020 அளவில், அதாவது சுமார் 27 பிபிடியில், மீன்களை வைத்திருப்பது உண்டு. அங்கிருந்து நேராக 35-க்கு மாற்றுவது கொடுமை. ரிஃப்ராக்டோமீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடைத் தொட்டியிலேயே ஒரு துளி பாருங்கள். அதே அளவில் ஒரு சிறிய தனித்தொட்டியை வீட்டில் ஆயத்தமாக வைத்து, அதில் விட்டு, நாளுக்கு ஒரு பிபிடி வீதம் உயர்த்துங்கள். பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக நீர் கலக்கும் முறை நீண்ட பயணத்துக்குப் பிறகு நல்லதல்ல. பை திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறி, தேங்கியிருக்கும் அம்மோனியா நஞ்சாகிவிடும்.

பையைக் கட்டும்போது காற்றை முழுவதுமாக நிரப்ப வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். கோவையில் அடைத்த காற்று உதகை வந்து சேரும்போது கால் பங்குவரை விரியும். மலையேறும் வழியில் பர்லியாறு தாண்டும்போதே தெர்மாகோல் பெட்டிக்குள் பை உடுக்கைத்தோல் போல விறைத்து, விரலால் தட்டினால் ஒலிக்கும்.

மின்தடையின்போது உப்புத்தன்மை மாறுமா?

மாறாது. அப்போது கவனிக்க வேண்டியவை ஆக்சிஜனும் வெப்பமும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். யாரிடம் ஒப்படைப்பது?

பக்கத்து வீட்டு அக்காவிடமே ஒப்படைக்கலாம். இரண்டு லிட்டர் ஆர்.ஓ. நீரை ஒரு பாட்டிலாக, ஐந்து பாட்டில்களில் நிரப்பி, கிழமைகளை எழுதித் தொட்டிக்கு அருகிலேயே வையுங்கள். நாளுக்கு ஒரு பாட்டில், கோட்டுக்கு மேல் போனால் மிச்சத்தை விட்டுவிடலாம் என்று சொன்னால் போதும். புறப்படும் முன் உப்பு வாளியைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்: கடல் மீனுக்கு உப்பு குறையக் கூடாதே என்ற கரிசனத்தில், ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு கைப்பிடி உப்பைச் சேர்த்துப் போட்ட நல்ல மனிதர்களை நான் அறிவேன்.